எடுத்தாச்சு... திருப்பிப் போட்டுப் பார்த்தாச்சா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு பேக்கப் எடுத்து வெச்சிருக்கீங்களா பாஸ்? 'ஓ, டெய்லி எடுக்குறோமே!'னு காலரைத் தூக்கிவிடுற ஆளா நீங்க? அப்போ இந்த வாரம் உங்களுக்குத்தான்!

நானும் காலரைத் தூக்கினவன்தான். எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஆன்லைன் ரெஜிஸ்ட்ரேஷன். டேட்டாபேஸ் என் பொறுப்பு. சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, தினமும் ராத்திரி மைசீக்வல் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி பென் டிரைவ்ல போட்டேன். நிகழ்ச்சிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஹார்டு டிஸ்க் மண்டையைப் போட்டுச்சு. பென் டிரைவைச் சொருகினா, டேட்டாபேஸ் திறக்கவே மாட்டேங்குது. அப்புறமென்ன... ரசீது புக்கை வெச்சுக்கிட்டு விடிய விடிய ஒவ்வொரு பேரா டைப் அடிச்சோம்!

தப்பு எங்கே? ஓடுற டேட்டாபேஸோட ஃபைல் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். போதாக்குறைக்கு, சில மாற்றங்கள் இன்னும் மெமரியிலயே இருக்கும். ராமு கணக்குலேர்ந்து சோமு கணக்குக்கு 500 ரூபாய் போகுதுனு வெச்சுக்குங்க. பணம் வர்றதுக்கு முன்னாடி சோமு கணக்கு காப்பி ஆகிடுச்சு. பணம் போனதுக்கு அப்புறம் ராமு கணக்கு காப்பி ஆகுது. பேக்கப்ல 500 ரூபாய் அம்பேல்!

அதுக்காக சர்வரை நிறுத்தணுமா? வேண்டாம். ஒரு வரியை மாத்தினா, பழைய வரியை உடனே அழிக்காம கொஞ்ச நேரம் வெச்சிருக்குறது போஸ்ட்கிரஸ், இன்னோடிபி ரெண்டுக்கும் வழக்கம். பி.ஜி. டம்ப் 9 மணிக்கு ஆரம்பிச்சு 10 மணிக்கு முடிஞ்சாலும், 9 மணிக்கு எப்படி இருந்துச்சோ அதைத்தான் எழுதும். நடுவுல யார் வேணா பதிவு பண்ணலாம். மைசீக்வல் டம்ப்ல இதுக்கு 'சிங்கிள் ட்ரான்ஸாக்‌ஷன்' ஆப்ஷன் போடணும். டேபிள் இன்னோடிபியா இருக்கணும். பழைய மைஐசாம்னா இது பலிக்காது. டம்ப் ஓடும்போது 'ஆல்டர் டேபிள்' அடிச்சு விளையாடாதீங்க.

இவ்ளோ தெரிஞ்சா போதுமா? போதாது. கிட்லேப் கதையைக் கேளுங்க. 2017 ஜனவரி 31 ராத்திரி. ரெண்டாவது சர்வர்ல இருக்குற டேட்டாவை அழிச்சுட்டு, மறுபடி காப்பி எடுக்கணும். அங்கே இருந்த இன்ஜினீயர் கமாண்டை அடிச்சது மெயின் சர்வர்ல! சில செகண்ட்லயே நிறுத்திட்டார். ஆனா, சுமார் 300 ஜி.பி.ல மிஞ்சினது 4.5 ஜி.பி.தான்.

சரி, பேக்கப்? டம்ப் எடுக்குற டூல் 9.2 வெர்ஷன், சர்வர் 9.6. அதனால டம்ப் எடுக்கவே முடியலை. 'ஃபெயில் ஆகிடுச்சு'னு போன மெயிலையும் மெயில் சர்வர் திருப்பி அனுப்பிடுச்சு. அதனால யாருக்கும் தெரியலை. டெஸ்ட்டுக்காக சுமார் 6 மணி நேரம் முன்னாடி கையால எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் மானத்தைக் காப்பாத்துச்சு. அப்பவும் ஏறக்குறைய 5,000 ப்ராஜெக்ட், 5,000 கமென்ட், 700 யூஸர் கணக்கு போனது போனதுதான். ஆனா ஒண்ணு, நடந்ததை மறைக்காம, மீட்புப் பணியை யூடியூப்ல லைவாவே காட்டினாங்க. அந்தத் தைரியத்துக்கு ஒரு சல்யூட்!

அங்கே பெரிய கம்பெனி, இங்கே பென் டிரைவ் பார்ட்டி. ஆனா ரெண்டு பேர் செஞ்ச தப்பும் ஒண்ணுதான். எடுத்தோம், திருப்பிப் போட்டுப் பார்க்கலை.

அதனால, இந்த வாரம் ஒரு குட்டி ஹோம்வொர்க். ஃப்ரெண்டோட கம்ப்யூட்டர்ல காலி டேட்டாபேஸ் ஒண்ணு உருவாக்குங்க. உங்க பேக்கப்பை அதுல ஏத்துங்க. ஒவ்வொரு டேபிள்லயும் எத்தனை வரி இருக்குனு எண்ணுங்க. கணக்கு சரியா வந்தா, காலரைத் தூக்கிக்கலாம்.

வரலைன்னா? சந்தோஷப்படுங்க பாஸ். வைவா அன்னிக்குத் தெரியாம, இன்னிக்கே தெரிஞ்சுதே!