ஸ்லைடு நம்முடையது, கோப்பு யாருடையது?

செமினார் என்றாலே பவர்பாயின்ட்தான். விஷயம் தேடியது நாம், ராத்திரி கண் விழித்தது நாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட மென்பொருள் இல்லாமல் அந்தக் கோப்பைத் திறக்கவே முடியாது என்றால் அது எப்படி நம் சொத்தாகும்?

கொஞ்சம் வரலாறு. ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனம் 1987-ல் மேக்கின்டாஷுக்காகப் பவர்பாயின்டை வெளியிட்டது. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. பழைய பிபிடி கோப்பு வெறும் பைனரி. நோட்பேடில் திறந்தால் கட்டம் கட்டமாகக் குப்பைதான். அதைப் படிக்க அப்பாச்சி பிஓஐ என்ற ஜாவா லைப்ரரியை எழுதியவர்கள் நொந்துபோய், ஸ்லைடு பகுதிக்கு ஹெச்எஸ்எல்எஃப் என்று பெயர் வைத்தார்கள். விரித்தால் 'படுமோசமான ஸ்லைடு லேஅவுட் வடிவம்' :-)

ஆபீஸ் 2007-உடன் வந்த பிபிடிஎக்ஸ் வேறு ரகம். அது ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் வரிசையாக இருக்கும். 2008-ல் இது ஐஎஸ்ஓ தரமும் ஆனது.

"அப்புறம் லைப்ரரி எதற்கு?" என்பீர்கள். முதல் எண் போட்ட கோப்புதான் முதல் ஸ்லைடு என்று கட்டாயமில்லை. வரிசை வேறொரு கோப்பில் இருக்கும். பேச்சாளர் குறிப்புகள் தனிக் கோப்பில். அட்டவணைக்குள் இருக்கும் எழுத்தைத் தனியாகத் தோண்ட வேண்டும். பைத்தான்-பிபிடிஎக்ஸ் போன்ற சிறு லைப்ரரி இந்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. நாம் பத்து வரி எழுதினால் போதும்.

தமிழில் இன்னொரு பூட்டும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய ஸ்லைடை இதில் கொடுத்தால், வெளியே வருவது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். லைப்ரரி மேல் தப்பில்லை. கோப்பில் இருந்ததே அதுதான். தமிழாகக் காட்டியது எழுத்துரு மட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் தேடவும் முடியாது, படிக்கவும் முடியாது.

நான் படிப்பது காமர்ஸ். கணக்கு எழுதியவரே வந்து படித்தால்தான் புரியும் என்றால், அதை எந்த ஆடிட்டரும் கணக்குப் புத்தகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஸ்லைடுக்கும் அதே நியாயம்தானே? பழைய பிபிடி கோப்புகளை இப்போதே பிபிடிஎக்ஸாகச் சேமியுங்கள். தமிழை யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். செமினார் கோப்பை வாங்கும் கல்லூரிகளும் இந்த இரண்டையும் விதியாகவே வைக்கலாம். காசு செலவில்லை. பத்து வருடம் கழித்து நம் ஜூனியர் ஒருவர் திறந்தாலும் நாம் எழுதியது அப்படியே கிடைக்கும்.