‘திருப்பதி போறேன்’னு சொல்றீங்க... எந்தத் திருப்பதிக்கு?

சென்னையில் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் இறங்கி, மலைக்குப் போய், மொட்டை போட்டு, தரிசனம் முடித்து, லட்டுப் பையோடு திரும்பியிருப்பீர்கள். ‘திருப்பதி போயிட்டு வந்தேன்’ என்று ஆபீஸில் சொல்லியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் போனது திருமலைக்கு. நம் வீட்டுப் பெரியவர்கள் இதைச் சரியாகவே பிரித்துச் சொல்வார்கள்: மேல் திருப்பதி, கீழ்த் திருப்பதி.

இந்தக் கீழ்த் திருப்பதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கோயிலின் வரிசை இப்போது மலையில் தொடங்குவதில்லை. கீழே, ஊரின் தெருக்களில் தொடங்குகிறது. அந்தத் தெருக்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்துகொள்வது உங்கள் பாதுகாப்புக்கும் தேவை.

முதலில் கணக்கு

2011 கணக்கெடுப்பின்படி திருப்பதி மாநகராட்சியின் மக்கள்தொகை 2.87 லட்சம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் வெளியிட்ட கணக்குப்படி 2024-ல் சாமி கும்பிட வந்தவர்கள் சுமார் 2.55 கோடி. 2011-ல் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடிதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கூட்டம் ஒரே வருடத்தில் இந்த ஒரு ஊர் வழியாக ஏறி இறங்குகிறது.

நாள் கணக்கில் பார்த்தால் சராசரியாக 70,000 பேர். அதாவது நாலே நாளில் ஒரு திருப்பதி அளவுக்குக் கூட்டம். இது வெறும் சராசரிதான். வைகுண்ட ஏகாதசி, பிரம்மோற்சவம், புரட்டாசி சனிக்கிழமை போன்ற நாட்களில் சராசரியை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது.

இதில் இன்னொரு சிக்கல். 15-வது நிதிக்குழு உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது மக்கள்தொகைக்கு 90%, பரப்பளவுக்கு 10% எடை கொடுத்தது. வந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. குடியிருப்பவர்களை வைத்து அளக்கப்படுகிற ஊர், வந்து போகிறவர்களைச் சுமக்கிறது.

எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது?

ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது கோவிந்தராஜ சுவாமி கோயில். 1130-ல் ராமானுஜர் இங்கே பிரதிஷ்டை செய்தார் என்பதும், கோவிந்தராஜர் சிதம்பரத்திலிருந்து வந்தவர் என்பதும் கோயில் மரபு. இந்தக் கோயிலையும் அதன் மாட வீதிகளையும் சுற்றித்தான் கீழ்த் திருப்பதி வளர்ந்தது. குறுகலான தெருக்கள், பாத்திரக் கடைகள், லாட்ஜுகள் என்று பழைய ஊர் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம், பஸ் நிலையம் அருகே ஸ்ரீநிவாசம், அலிபிரியில் பூதேவி காம்ப்ளெக்ஸ். பெயரைப் பார்த்தால் தங்கும் விடுதி போலத் தெரியும். ஆனால் இலவச தரிசனத்துக்கு நேரம் குறித்த டோக்கன் கொடுக்கும் மையங்களும் இவைதான்.

அலிபிரிதான் மலையின் வாசல். இங்கிருந்து சுமார் 3,550 படிகள். சந்திரகிரி பக்கம் ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388 படிகள். முதல் மலைப்பாதை 1944-லும் இரண்டாவது 1974-லும் திறக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் 6 வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தை தாக்கி இறந்த பிறகு, சிறுவர்களை அழைத்துச் செல்லும் நேரத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன.

ஊருக்குள் நெரிசலைக் குறைக்க 2023 செப்டம்பரில் ஸ்ரீநிவாச சேது என்ற மேம்பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டது. கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். திருச்சானூர் சாலைப் பக்கத்திலிருந்து அலிபிரி வரை ஊருக்கு மேலேயே போய்விடலாம். செலவில் பெரும்பங்கு தேவஸ்தானத்துடையது. பக்தர்களுக்கு நிச்சயம் நல்லது. ஆனால் வாகனத்தில் வருகிறவரின் நேரத்தைத்தான் பாலம் மிச்சப்படுத்தும். டோக்கனுக்காகத் தெருவில் நிற்பவருக்கு அதனால் ஒன்றுமில்லை.

2025 ஜனவரி 8: பள்ளிக்கூட வாசலில் என்ன நடந்தது?

வைகுண்ட வாசல் முன்பெல்லாம் இரண்டு நாள்தான் திறந்திருக்கும். 2020-லிருந்து பத்து நாள் திறக்கிறார்கள். 2025-ல் அது ஜனவரி 10-ல் தொடங்கியது. முதல் மூன்று நாட்களுக்கான 1.2 லட்சம் இலவச டோக்கன்களை ஜனவரி 9 காலை 5 மணிக்குக் கொடுக்கத் தொடங்குவதாக அறிவிப்பு. அதற்காகக் கீழ்த் திருப்பதியில் எட்டு இடங்களில் கவுன்டர்கள் போட்டார்கள்.

வழக்கமான மையங்கள் போதாது என்பதால் அந்தப் பட்டியலில் பள்ளிக்கூடங்களும் மைதானமும் சேர்ந்தன. எம்.ஆர்.பள்ளி, ஜீவகோனா, பைராகிபட்டெடா எல்லாம் மக்கள் குடியிருக்கும் பகுதிகள். காலை 5 மணிக்கு டோக்கன் என்றால் நம்ம ஆட்கள் எத்தனை மணிக்கு வருவார்கள்? முந்தின நாளே வந்துவிட்டார்கள். பைராகிபட்டெடாவில் கூட்டத்தைப் பள்ளிக்கு அருகே இருந்த பூங்காவுக்குள் உட்கார வைத்திருந்தார்கள். இரவு கதவு திறந்தபோது, டோக்கன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக் கூட்டம் முண்டியது. ஆறு பேர் இறந்தார்கள். நாற்பது பேர் அளவில் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவரும் உண்டு.

அதிகாரிகள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், சிலர் மாற்றப்பட்டார்கள். நீதி விசாரணைக்கும் உத்தரவானது. ஆனால் இது ஒரு கதவைத் தப்பான நேரத்தில் திறந்த கதை மட்டும்தானா?

டோக்கன் முறையின் நோக்கம் நல்லதுதான். மலையில் 20 மணி நேரம் அடைந்து கிடப்பதற்குப் பதில், குறித்த நேரத்துக்குப் போய்த் தரிசனம் செய்யலாம். ஆனால் டோக்கன் எண்ணிக்கையைவிடக் கேட்பவர்கள் அதிகமாக இருந்தால் வரிசை குறையாது, இடம்தான் மாறும். மேலே வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் அறைகள் உண்டு, சாப்பாடு உண்டு, கழிப்பறை உண்டு, கூட்டத்தைப் பல பத்தாண்டுகளாகக் கையாண்ட ஊழியர்கள் உண்டு. பைராகிபட்டெடாவில் இருந்தது ஒரு பள்ளியும் ஒரு பூங்காவும் ஒரு தெருவும்தான்.

அடுத்த வைகுண்ட ஏகாதசிக்கு, அதாவது 2025 டிசம்பர் 30-ல் தொடங்கிய தரிசனத்துக்கு, முதல் மூன்று நாட்களுக்கான டோக்கனை ஆன்லைன் குலுக்கலில் கொடுத்தார்கள். தெருவில் வரிசை இல்லை என்பது உண்மையான முன்னேற்றம். ஆனால் போனும் இன்டர்நெட்டும் கைவராத கிராமத்துப் பாட்டிக்கு அது வேறொரு வரிசை. அவருக்காகப் பதிவு செய்ய நீங்கள் இருக்கிறீர்கள். எல்லாருக்கும் அப்படி யாராவது இருப்பதில்லை.

கூட்டம் மட்டுமல்ல, மழையும்

ஊர் மலையடிவாரத்தில் இருப்பதால், மலையில் பெய்கிற மழையும் இங்கேதான் இறங்குகிறது. கபில தீர்த்தத்தில் அருவி கொட்டும்போது செல்ஃபி எடுக்க அழகாகத்தான் இருக்கும். 2021 நவம்பரில் அதே தண்ணீர் தெருக்களில் ஓடியது. ஸ்வர்ணமுகி பெருக்கெடுத்தது, மலைப்பாதைகள் மூடப்பட்டன, பக்தர்கள் இடையில் மாட்டிக்கொண்டார்கள். நவம்பர், டிசம்பரில் போவதாக இருந்தால் தரிசன டிக்கெட்டோடு வானிலை அறிவிப்பையும் பாருங்கள்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இப்போது என்ன உறவு?

1911-ல் உருவானது சித்தூர் மாவட்டம். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி நம் பக்கம் வந்தது, திருப்பதி ஆந்திராவிலேயே இருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது.

காளஹஸ்தி, ஐஐடி இருக்கும் ஏர்ப்பேடு, சென்னைக்காரர்கள் பலர் வேலைக்குப் போய்வரும் ஸ்ரீசிட்டி, பழவேற்காடு ஏரியின் வடபகுதி, ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா எல்லாம் இப்போது திருப்பதி மாவட்டம். மலையில் தொடங்கிக் கடலில் முடிகிற மாவட்டம் அது. காணிப்பாக்கம் பிள்ளையாரும் குப்பமும் சித்தூரோடு இருக்கின்றன. சித்தூரின் அடையாளம் இன்று பெரும்பாலும் மாம்பழமும் கூழ் தொழிற்சாலைகளும்தான்.

இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யலாம்? ஒரு நாள் கூடுதலாக எடுங்கள். காணிப்பாக்கம், காளஹஸ்தி, திருச்சானூர் என்று பிரித்துப் பார்க்கலாம். சந்திரகிரிக் கோட்டையின் ராஜ மஹாலுக்கும் போங்கள். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் இடம் கொடுத்த நாயக்கர்கள், சந்திரகிரியில் இருந்த விஜயநகர அரசருக்குக் கீழ்ப்பட்டவர்கள்.

போவதற்கு முன் மூன்று விஷயம்

ஒன்று: 300 ரூபாய் தரிசன டிக்கெட்டுகளை ஆன்லைனில் பல வாரங்கள் முன்பே வெளியிடுகிறார்கள். தேதியை முடிவு செய்துவிட்டு டிக்கெட் தேடாதீர்கள். டிக்கெட் கிடைத்த தேதிக்கு லீவு போடுங்கள்.

இரண்டு: இலவச டோக்கன்தான் என்றால், எந்த மையம், எத்தனை மணிக்கு என்பதை அன்றைக்கே தேவஸ்தானத்தின் அறிவிப்பில் பாருங்கள். ‘போன தடவை இங்கதான் குடுத்தாங்க’ என்பதை நம்ப வேண்டாம்.

மூன்று: வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்கள், வாசலில் கயிறோ தடுப்போ இல்லாமல் கூட்டம் அடைந்து நிற்கிறது, மணி இன்னும் ஆகவில்லை. அப்படி ஒரு இடத்தைப் பார்த்தால் உள்ளே போகாதீர்கள். கோவிந்தராஜரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். ஏழுமலையான் அடுத்த மாதமும் அங்கேதான் இருப்பார்.