‘வாய்வு’ என்று சொல்லிக் கடந்துபோக முடியாத வலி

உடல் எடையைக் குறைப்பதற்கான ஊசிமருந்துகளைப் பற்றி எம்மவர்கள் மத்தியில் இரண்டு விதமாகவே பேசப்படுவதைக் காண்கிறேன். ஒன்று விளம்பரம், மற்றையது சாபம். வாரத்துக்கு ஒரு ஊசி, மூன்று மாதத்தில் பழைய உடல் என்று ஒரு தரப்பு மயக்குகிறது. அது கொல்லும் நஞ்சு, கொள்ளும் கறிவேப்பிலையும் போதும் என்று மறுதரப்பு மிரட்டுகிறது. ஊசியைப் போட்டுக்கொண்டவருக்கு நடு இரவில் வயிற்றில் வலி எடுத்தால் அது விடியும்வரை பொறுக்கக்கூடிய வலியா, உடனே வைத்தியசாலைக்கு ஓடவேண்டிய வலியா என்பதைச் சொல்லுவதற்கு இரு தரப்பிலும் ஆள் இல்லை. தகவல்கள் இல்லாமல் இல்லை. ஊசி போடுவதை வெட்கத்துக்குரிய இரகசியமாக வைத்திருப்பதே இதற்குப் பிரதான காரணம் என்பது எனது அபிப்பிராயம்.

முதலில் மருந்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். செமாகுளூடைட் என்ற மருந்தை ஒசெம்பிக் என்ற பெயரில் நீரிழிவுக்காக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 டிசம்பரில் அங்கீகரித்தது. அதே மருந்து வெகோவி என்ற பெயரில் எடைக்குறைப்புக்காக 2021 ஜூனில் அனுமதி பெற்றது. டிர்செபடைட் 2022 மே மாதம் மவுன்ஜாரோ என்ற பெயரில் நீரிழிவுக்கும் 2023 நவம்பரில் செப்பவுண்ட் என்ற பெயரில் எடைக்குறைப்புக்கும் வந்தது. 1,961 பேர் பங்கேற்று 2021 இல் வெளியான ஆய்வொன்றில் செமாகுளூடைட் பெற்றவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடையை இழந்தார்கள். வெறும் ஊசி பெற்றவர்கள் 2.4 சதவீதமே இழந்தார்கள். இதயநோயும் அதிக எடையும் உள்ளவர்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோயால் நேரும் மரணம் ஆகியவற்றை இந்த மருந்து 20 சதவீதத்தால் குறைத்தது என்று 17,604 பேரைக் கொண்ட பெரிய ஆய்வு 2023 இல் காட்டியது. நீரிழிவும் இதயநோயும் வீட்டுக்கு வீடு இருக்கின்ற எமது சமூகத்துக்கு இது சாதாரண செய்தி அல்ல. எனவே இதை நஞ்சு என்று வர்ணிப்பவர்களுடன் எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால், அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களை வைத்தியர்கள் தொடர்ந்து கண்காணித்தார்கள். எம்மவர்களில் பலர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது அப்படியா? இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து பேசுகின்ற நண்பர்கள் சொல்லும் கதைகள் ஒரே அச்சில் வார்த்தவை. மகளின் கலியாணத்துக்கு ஆறு மாதம் இருக்கையில் அம்மா மெலியத் தொடங்குகிறார். ‘சோற்றைக் குறைத்தேன், நடக்கிறேன்’ என்பது ஊருக்குச் சொல்லும் பதில். ஊசி குளிர்சாதனப் பெட்டியில் பழைய ஊறுகாய்ப் போத்தலின் பின்னால் இருக்கிறது. கணவருக்குத் தெரியாது, குடும்ப வைத்தியருக்கும் தெரியாது. அது வந்த வழி வட்ஸ்அப் குழுவாகவோ அழகு நிலையமாகவோ இருக்கிறது. பிரித்தானியாவில் வைத்தியரின் பரிந்துரை தேவைப்படும் மருந்தைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே சட்டவிரோதம் என்பதை அந்தக் குழுக்களை நடத்துபவர்கள் அறியாதவர்கள் அல்ல. அங்கு இணையவழி மருந்தகங்கள் வெறும் வினாக்கொத்தை நம்பி இந்த ஊசியைக் கொடுக்கக்கூடாது, எடை விபரங்களைச் சுயாதீனமாக உறுதிசெய்ய வேண்டும் என்று மருந்தகங்களை ஒழுங்குபடுத்தும் சபை 2025 பெப்ரவரியில் கட்டளையிட வேண்டி வந்தது.

போலிகளின் கதை வேறு. 2023 இல் ஒஸ்திரியாவில் போலி ஒசெம்பிக் என்று சந்தேகிக்கப்பட்ட ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் குருதியில் சீனி அபாயகரமாக வீழ்ச்சியடைந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். உள்ளே இருந்தது இன்சுலினாக இருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் எச்சரித்தார்கள். அமெரிக்காவில் மருந்தகங்கள் தாமே கலந்து குப்பியில் கொடுத்த செமாகுளூடைட்டை, மில்லிகிராமுக்கும் மில்லிலீட்டருக்கும் சிரிஞ்சில் உள்ள ‘யூனிட்’ கோடுகளுக்கும் இடையில் குழம்பி, சிலர் உரிய அளவைப்போல 5 மடங்கிலிருந்து 20 மடங்கு வரை ஏற்றிக்கொண்டதாக 2024 ஜூலையில் அந்நாட்டு மருந்து நிர்வாகமே அறிவித்தது.

இனி வயிற்றுக்கு வருவோம். குமட்டல் இந்த மருந்தின் வழக்கமான துணைவன். மேற்சொன்ன 2021 ஆய்வில் 44 சதவீதமானவர்களுக்கு அது வந்தது. உணவு இரைப்பையில் இருந்து இறங்குவதை மருந்து தாமதப்படுத்துவது ஒரு காரணம். அதனால்தான் வெகோவியை 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாகக் கூட்டி 2.4 மில்லிகிராமுக்குக் கொண்டுபோகிறார்கள். கலியாண நாள் நெருங்குகிறது என்று இரண்டு படிகளைப் பாய்ந்து கடப்பவர்கள் வாந்தியை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

அந்தக் குமட்டலுக்குப் பழகிப்போனவர், வேறு வகையான வலி வரும்போது அதையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார். இங்குதான் எமது மொழியே எமக்கு எதிராக வேலைசெய்கிறது. நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் இடையில் எங்கு வலித்தாலும் எமக்கு அது ‘வாய்வு’. இஞ்சிப் பிளேன்ரீ, ஓமத்தண்ணீர், வெந்நீர் ஒத்தடம். மாரடைப்பையே வாய்வு என்று சொல்லிப் படுத்துறங்கி எழும்பாமல் போனவர்களை நாம் எல்லோரும் அறிவோம். கணைய அழற்சியின் வலியும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. மேல்வயிற்றில் கடுமையாக வரும், விட்டுவிட்டு அல்லாமல் தொடர்ந்து இருக்கும், பெரும்பாலும் முதுகுக்கு ஊடுருவும். வாந்தி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிலருக்கு உட்கார்ந்து முன்பக்கம் குனிந்தால் சற்றுத் தணியும். இந்த வலி வந்தவர் அடுத்த ஊசியைப் போடக்கூடாது, உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். இது அரிதான விளைவுதான். ஆனால், யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று மரபணு ரீதியில் ஆராய்வதற்கு பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2025 ஜூனில் தனியான ஆய்வொன்றைத் தொடங்கும் அளவுக்கு அது அலட்சியம் செய்ய முடியாதது.

வலப்பக்க விலா எலும்புகளின் கீழ் வலி, கூடவே காய்ச்சல் அல்லது கண்கள் மஞ்சளாதல் என்றால் பித்தப்பையைச் சந்தேகிக்க வேண்டும். எடை வேகமாகக் குறையும்போது பித்தக்கற்கள் உருவாவது இந்த ஊசிகள் வருவதற்கு முன்னரே அறியப்பட்ட விடயம். வயிறு ஊதி, மலமும் காற்றும் வெளியேறாமல், வாந்தி தொடர்ந்தால் குடலின் இயக்கம் நின்றிருக்கலாம். 2023 செப்டெம்பரில் ஒசெம்பிக்கின் எச்சரிக்கைப் பத்திரத்தில் இது சேர்க்கப்பட்டது. அதற்கு மலமிளக்கியை ஊற்றிக்கொண்டு வீட்டில் இருப்பவர்களை என்னவென்று சொல்வது?

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை ஆபத்து நேரடியாக வருவதில்லை. வாந்தியாலும் வயிற்றோட்டத்தாலும் நீர் வற்றி, சிறுநீர் குறைந்து நிறம் கடுத்து, எழும்பினால் தலை சுற்றுகிற நிலையில் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக்கூடும். இந்தச் சந்தர்ப்பத்தில் விரதங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கந்தசஷ்டிக்கு ஆறு நாட்களும் தண்ணீரோ பாலோ மாத்திரம் அருந்துபவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். பசியே இல்லாததால் இந்த வருடம் விரதம் சுலபமாக இருந்தது என்று ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் பெருமைப்பட்டாராம். பசி இல்லை என்பது உடலுக்கு நீர் தேவையில்லை என்பதாகிவிடாது. வைத்தியரிடம் கேட்காமல் அப்படியொரு விரதம் இருப்பதை முருகன் எதிர்பார்க்கிறார் என்று நான் நம்பவில்லை.

கண்ணின் விடயம் அண்மையில் தெளிவானது. பார்வை நரம்புக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டு, பெரும்பாலும் வலியில்லாமல், ஒரு கண்ணில் பார்வை திடீரெனப் போகிற நோய் செமாகுளூடைட்டின் மிக அரிதான பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்துகள் முகவரகத்தின் பாதுகாப்புக் குழு 2025 ஜூனில் முடிவுசெய்தது. 10,000 பேரில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம் என்பது அதன் கணிப்பு. காலையில் எழும்பும்போது ஒரு கண் மங்கியிருந்தால் கண்ணாடியை மாற்றவேண்டும் என்று காத்திருக்கக்கூடாது. எலிகளில் தைரொயிட் கட்டிகள் உருவானமையால், குடும்பத்தில் மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் இருப்பவர்கள் இதைப் பயன்படுத்தவேண்டாம் என்று அமெரிக்கப் பத்திரங்கள் சொல்கின்றன. கழுத்தில் கட்டி, குரல் கரகரத்தல், விழுங்குவதில் சிரமம் என்றால் காட்டவேண்டும். இன்சுலினோ சல்பொனைல்யூரியா வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் என்பன சீனி வீழ்ச்சியின் அறிகுறிகள். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம் என்பதால் தொடக்கத்திலும் ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின்னரும் நான்கு வாரங்களுக்கு ஆணுறை போன்ற வேறொரு முறையையும் கைக்கொள்ள வேண்டும். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் ஊசி போடுகின்ற புதுமணப் பெண்ணுக்கு இதை யார் சொல்வது?

இரகசியம் நேரடியாக உயிருக்கு உலைவைக்கும் இடம் சத்திரசிகிச்சைக் கூடம். முதல்நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்தாலும் இந்த ஊசி போட்டவரின் இரைப்பையில் உணவு தங்கியிருக்கலாம். மயக்கமருந்து கொடுக்கும்போது அது மேலேறிச் சுவாசப்பைக்குள் போகும் ஆபத்து உண்டு. அமெரிக்க மயக்கமருந்து நிபுணர்கள் சங்கம் 2023 ஜூனில் இதுபற்றி வழிகாட்டல் வெளியிட்டது. 2024 நவம்பரில் மருந்துப் பத்திரங்களிலும் எச்சரிக்கை சேர்ந்தது. சத்திரசிகிச்சைக்கு முன்னர் ‘வேறு மருந்துகள் ஏதாவது எடுக்கிறீர்களா?’ என்று தாதி கேட்கும்போது பக்கத்தில் மாமியாரோ, மொழிபெயர்ப்பதற்கு வந்த மகனோ நிற்கிறார். ‘இல்லை’ என்று பதில் வருகிறது. அந்தப் பொய்யை அந்தப் பெண் விரும்பிச் சொல்லவில்லை. பருத்தால் பரிகாசம், மெலிந்தால் ‘என்ன வருத்தம்?’, ஊசி என்றால் ‘குறுக்குவழி’ என்று முத்திரை குத்துகின்ற எமது கூட்டமே அவரைச் சொல்லவைக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரிடம் ‘மனக்கட்டுப்பாடு இல்லையா?’ என்று நாம் கேட்பதில்லை.

செமாகுளூடைட் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கிறது. முற்றாக நீங்க ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை ஆகலாம். ‘போன கிழமையே நிறுத்திவிட்டேன்’ என்பதும் வைத்தியரிடம் சொல்லவேண்டிய தகவலே. மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட திகதி ஆகிய மூன்றையும் வீட்டில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் இருப்பவர்கள் பக்கவிளைவை ‘மஞ்சள் அட்டை’ முறையில் தாங்களே நேரடியாக அறிவிக்கலாம்.

மற்றையது, இந்த ஊசியைத் தமிழில் விற்பவர்களுக்கு. ‘ஒரு மாதத்தில் பத்துக் கிலோ’ என்று எழுதத் தமிழ் தெரிந்தவர்களுக்கு ‘முதுகுக்குப் பரவும் வயிற்றுவலி வந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள்’ என்று எழுதவும் தமிழ் தெரியும். ஏன் எழுதுவதில்லை என்று அடுத்தமுறை வட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வரும்போது கேளுங்கள்.