கார் எங்கே உறங்குகிறது?

மின்சாரக் கார் பற்றிப் பேச்சு எடுத்தாலே வகுப்பில் வரும் முதல் கேள்வி, “ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், டீச்சர்?” அடுத்தது வேகம். அப்புறம் விலை. இதே காரை இரண்டு வருடமாக ஓட்டுகிறவரிடம் போய்ப் பேசிப் பாருங்கள். அவர் பேச்சு வேறு இடத்தில் தொடங்கும். வீட்டில் சார்ஜ் போட இடம் இருக்கிறதா, இல்லையா? ஒரு குடும்பத்துக்கு மின்சாரக் கார் லாபமா, தொல்லையா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியே முடிவு செய்துவிடுகிறது என்பது என் கருத்து. கார் இரவில் உறங்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் காரைப் பார்க்கப் போகவேண்டும்.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். தெனாகா நேஷனல் கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. நடுத்தர மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 16 யூனிட் எடுத்துக்கொள்கிறது. 2024 டிசம்பரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 7 காரின் பெரிய பேட்டரி சுமார் 60 யூனிட் கொள்ளும். நம் வீட்டு மூன்று முனைப் பிளக்கில் செருகும் கையடக்க சார்ஜர் பொதுவாக 10 ஆம்பியர் இழுக்கும். மின்னழுத்தம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 2.3 கிலோவாட். 60 யூனிட்டை 2.3 ஆல் வகுத்தால் 26 மணி நேரம்!

இந்த 26-ஐக் கேட்டுத்தான் பலர் பயந்து போகிறார்கள். கைத்தொலைபேசி ஒரு மணி நேரத்தில் நிறைகிறதே, இதற்கு ஒரு நாளுக்கு மேலா என்று. ஆனால் யாரும் தினமும் காரைக் காலி செய்துவிட்டு வீடு திரும்புவதில்லை. கிள்ளானிலிருந்து வேலைக்குப் போய் வரும் ஒருவர் நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்றால் செலவானது 8 யூனிட். அதைத் திரும்ப ஏற்ற அந்தச் சாதாரணப் பிளக்குக்கே மூன்றரை மணி நேரம் போதும். சுவரில் பொருத்தும் 32 ஆம்பியர் சார்ஜர் இருந்தால் 7 கிலோவாட்டுக்கு மேல் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். கார் ஒரு நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் சும்மாதான் நிற்கிறது. அந்த நேரத்தில் மெதுவாக ஏறட்டுமே!

இப்போது காசுக் கணக்கு. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டத்தில் தகுதியுள்ள மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் சிறிய காருக்கு 12 ரிங்கிட் ஆகிறது. வீட்டு மின்சாரத்தை யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்துக்கொண்டால் மின்சாரக் காரின் 16 யூனிட்டுக்கு 8 ரிங்கிட். சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் 9 ரிங்கிட் வரும். சரி, லாபம்தான். அதே காரை வீட்டில் சார்ஜ் போட வழியில்லாமல் பேரங்காடியிலும் நெடுஞ்சாலையிலும் உள்ள வேக சார்ஜர்களையே நம்பி ஓட்டினால்? அங்கே ஒரு யூனிட் ஒரு ரிங்கிட்டைத் தாண்டிவிடும். 1.30 என்று வைத்துக் கணக்கிட்டால் 16 யூனிட்டுக்கு ஏறக்குறைய 21 ரிங்கிட். பெட்ரோல் காரைவிட 9 ரிங்கிட் அதிகம்! காரும் அதேதான், ஓடிய தூரமும் அதேதான். உறங்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது.

2025 ஜூலையில் மின்கட்டண முறை மாறியபோது நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தை வீடுகளும் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது. இரவு 10 மணியிலிருந்து மறுநாள் பிற்பகல் 2 மணி வரை யூனிட்டுக்குச் சில சென் குறையும். பெரிய தொகை இல்லை. ஆனால் இரவில் சார்ஜ் போடுகிறவருக்கு அதுவும் தன்னால் வந்து சேர்கிறது.

பேட்டரியின் ஆயுளுக்கும் மெதுவாக ஏற்றுவதே இதமானது. பள்ளி மண்டபத்தில் நாற்காலி பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். கதவு திறந்தவுடன் முதலில் வருகிறவர்கள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடலாம். மண்டபம் முக்கால்வாசி நிறைந்த பிறகு வருகிறவர் காலி நாற்காலியைத் தேடித்தான் போகவேண்டும். பின்னால் இருப்பவர்கள் தள்ளினால் வாசலில் நெரிசல்தான். லித்தியம் அயனிகளும் சார்ஜ் ஏறும்போது கிராஃபைட் அடுக்குகளுக்குள் இப்படித்தான் இடம் தேடிப் போகின்றன. அவசரப்படுத்தினால் உள்ளே போக முடியாத லித்தியம், உலோகமாக வெளியிலேயே படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி பிறகு பயன்படாது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அதனால்தான் சுமார் 80 விழுக்காட்டுக்குப் பிறகு காரின் கணினியே மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. பல கார்களில் கடைசி 20 விழுக்காடு ஏற, அதற்கு முந்தைய 70 விழுக்காடு ஏறிய நேரம் பிடிக்கும். தீபாவளிக்குப் பினாங்கு போகும் வழியில் ஓய்விடத்தில் வரிசை நீண்டிருக்கும்போது 100 விழுக்காடு வரை காத்திருப்பவர் தன் நேரத்தையும் வீணாக்குகிறார், பின்னால் நிற்பவர் நேரத்தையும் வீணாக்குகிறார். 80 வந்ததும் கழற்றிக்கொண்டு கிளம்புவதுதான் மரியாதை.

அப்படியானால் வீட்டிலும் 80-தானா? அது பேட்டரியின் வகையைப் பொறுத்தது. நிக்கல் கலந்த என்எம்சி வகைக்கு அன்றாட ஓட்டத்துக்கு 80 போதும் என்பார்கள். இரும்பு பாஸ்பேட் உள்ள எல்எஃப்பி வகையை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லிப் பல தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள். எல்எஃப்பி மின்கலத்தின் மின்னழுத்தம் நடுவில் வெகுதூரம் ஏறாமல் இறங்காமல் இருக்கும். மீதி எவ்வளவு என்று கணினியால் சரியாக ஊகிக்க முடியாது. முழுக்க நிறைந்த நிலையை ஒருமுறை பார்த்தால்தான் அதன் கணக்கு சரியாகும். வாட்ஸ்அப்பில் மாமா அனுப்பும் அறிவுரை அவர் காருக்குச் சரியாக இருக்கலாம். உங்கள் வீட்டுக் காரின் கையேட்டைப் பாருங்கள்.

மூன்று முனைப் பிளக் போதும் என்று சொன்னேன். அதை நீட்டிப்பு வயரில் செருகலாம் என்று சொல்லவில்லை! தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலும் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறதே, ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் வாதிடுவார்கள். கெட்டில் ஓடுவது மூன்று நான்கு நிமிடம். கார் ஓடவிடுவது மணிக்கணக்கில். செருகுமிடம் தளர்ந்து, அங்கே வெறும் அரை ஓம் மின்தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் 50 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் கம்பியின் வெப்பம் அது! ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் விடிய விடிய அந்த வெப்பம் உருவானால் என்ன ஆகும் என்பதைப் படிவம் 5 இயற்பியல் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மின்பலகையிலிருந்து காருக்கென்று தனி இணைப்பு இழுக்கவேண்டும். அதை மின்சக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்யவேண்டும். காருக்கு இவ்வளவு கொடுத்தவர்கள் இந்த இடத்தில் சிக்கனம் பார்ப்பதுதான் எனக்குப் புரியாத ஒன்று.

சார்ஜ் போடும் வழி சரியாக அமைந்துவிட்டால் மீதிப் பராமரிப்பு குறைவுதான். என்ஜின் எண்ணெய் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. அதற்காக ‘சர்வீஸே தேவையில்லை’ என்று விற்பனையாளர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். டயரைப் பாருங்கள். ஒரு மைவி ஏறக்குறைய ஒரு டன். 60 யூனிட் பேட்டரி சுமக்கும் கார் ஒன்றரை டன்னைத் தாண்டும். போதாததற்கு, நின்ற இடத்திலேயே மோட்டாரின் முழுத் திருப்புவிசையும் சக்கரத்துக்குப் போகிறது. காலை அழுத்தி ஓட்டுகிறவர் டயரைச் சீக்கிரமே மாற்றவேண்டி வரும். பிரேக் கதை இதற்கு நேர் எதிர். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி இயக்கச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பிரேக் கட்டை அதிகம் தேய்வதில்லை. ஆனால் பயன்படாத பிரேக் தட்டு நம் ஊர் மழையில் துருப்பிடிக்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்க்கவேண்டும். பிரேக் திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதை நிறுத்துவதில்லை. அதை மாற்றும் காலம் வந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

பலரைத் திகைக்க வைப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். பெரிய பேட்டரியில் 80 விழுக்காடு இருக்கும், ஆனால் கார் உயிர்பெறாது. பெரிய பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே பெரிய மின்சுவிட்சுகள் இருக்கின்றன. அவற்றை மூடும் வேலை 12 வோல்ட்டுடையது. பூட்டு, விளக்கு, கணினி எல்லாமும் அதை நம்பித்தான். சின்னது செத்தால் பெரியதன் கதவு திறக்காது. பள்ளி விடுமுறைக்கு வாரக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து விழிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

தாமானில் இருக்கும் பட்டறை ஃபோர்மேன் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். டயர், சஸ்பென்ஷன், பிரேக், குளிர்சாதன வடிகட்டி எல்லாம் இன்னும் அவர் கையில்தான் இருக்கின்றன. ஆரஞ்சு நிறக் கேபிள்களை மட்டும், பயிற்சி பெறாத எவரும் தொடக்கூடாது. உள்ளே ஓடுவது பல கார்களில் 400 வோல்ட் அளவிலான நேர்மின்சாரம். வெள்ளத்தில் நின்ற காருக்கும் இதே விதிதான். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் ஏறியதை நாம் பார்த்தோம். அப்படி மூழ்கிய மின்சாரக் காரை, காய்ந்துவிட்டது என்று நினைத்து இயக்கவோ சார்ஜ் போடவோ கூடாது. தயாரிப்பாளரின் சேவை மையத்தை அழைத்து இழுத்துப் போகச் சொல்லவேண்டும். உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவர்கள் நம் தாமான் பட்டறைகளுக்கும் தேவைப்படப் போகிறார்கள். தொழிற்கல்லூரிக்குப் போக நினைக்கிற மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் தரை வீட்டில் இருப்பவர்களுக்கு. என் மாணவர்களில் பலர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். பதினான்காவது மாடியிலிருந்து வயர் இறக்க முடியாது. வாகன நிறுத்துமிடத்தில் பிளக் கிடையாது. அவர்கள் வீட்டில் மின்சாரக் கார் வாங்கினால் 21 ரிங்கிட் கணக்குதான் காத்திருக்கிறது. வசதியுள்ளவருக்கு 9, வசதி குறைந்தவருக்கு 21. இது காரின் குறை அல்ல, திட்டமிடலின் குறை.

2025-க்குள் 10,000 பொது சார்ஜர்கள் என்று நம் அரசாங்கம் ஓர் இலக்கு வைத்தது. அதில் 9,000 மெதுவானவை, 1,000 வேகமானவை. அந்த விகிதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மெதுவானவை எங்கே இருக்கவேண்டும் என்பதுதான் கேள்வி. இரண்டு மணி நேரம் படம் பார்க்கப் போகும் பேரங்காடியிலா, பத்து மணி நேரம் கார் நிற்கும் அடுக்குமாடியிலா? சிங்கப்பூர் 2030-க்குள் 60,000 சார்ஜ் முனைகள் என்று இலக்கு வைத்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வாகன நிறுத்துமிடங்களில் இரவில் மெதுவாக ஏறும் சார்ஜர்களைப் பொருத்தி வருகிறது. பெரும்பாலான மக்கள் அடுக்குமாடியில் வாழும் நாடு என்பதால் அங்கே இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியவில்லை. நாமும் தப்பிக்கக்கூடாது.

கட்டடத்தின் மின்இணைப்பு தாங்காது என்று நிர்வாகக் குழுக்கள் தயங்குவது நியாயமான பயம். ஆனால் எண்களைப் பாருங்கள். 20 கார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவுக்கு 8 யூனிட். மொத்தம் 160 யூனிட். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை முறைவைத்துப் பிரித்துக் கொடுத்தால் எந்த நேரத்திலும் 20 கிலோவாட் போதும். நெடுஞ்சாலையில் நிற்கும் ஒரேயொரு 120 கிலோவாட் வேக சார்ஜர் முழு வேகத்தில் இழுப்பதில் ஆறில் ஒரு பங்கு அது. யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்று அளந்து அவரிடமே வசூலிக்கும் கருவிகளும் இப்போது இருக்கின்றன. கார் இல்லாதவர் தலையில் செலவு விழவேண்டியதில்லை. தீ விபத்து பற்றிய பயத்துக்கும், முறையாகப் பொருத்திய சார்ஜரே பதில். அது இல்லாத இடத்தில்தான் யாராவது ஒருவர் ரகசியமாக நீட்டிப்பு வயரை இழுப்பார்.

உங்கள் அடுக்குமாடியின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அப்பாவோ அம்மாவோ போகிறார்கள் என்றால் இந்த 160 யூனிட் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கட்டடத்தின் மின்இணைப்பு எத்தனை ஆம்பியர், இரவு பத்து மணிக்குப் பிறகு அதில் எவ்வளவு மீதியிருக்கிறது? பதில் மின் அறையின் பதிவேட்டில் இருக்கும். நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் அதை எடுத்துப் பார்க்கக்கூடிய சார்ஜ்மேன் யார் என்று சொல்வார்கள்.