இளையோரின் மதுப் பழக்கம்: பெற்றோரின் பொறுப்பு என்ன?

புலம்பெயர்ந்த மண்ணில் பிள்ளைகளின் எதிர்காலத்திற்காகப் பெற்றோர் இரவு பகலாக உழைக்கின்றனர். தமிழ்ப் பள்ளிக்கும் நடன வகுப்புக்கும் கோயிலுக்கும் தவறாது அழைத்துச் செல்கின்றனர். ஆயினும், வெள்ளிக்கிழமை இரவு 16 வயதுப் பிள்ளை செல்லும் விருந்தில் என்ன பரிமாறப்படுகிறது என்று கேட்பதற்குத் தயங்குவோர் பலர். ஓக்லாந்துத் தமிழ்ச் சமூகம் மனந்திறந்து பேச வேண்டிய விடயம் இது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தோருக்கு மது விற்க இயலாது. தமிழ்நாட்டிலும் 21 வயதே எல்லை. நியூசிலாந்திலோ மது வாங்கும் வயது 1999 டிசம்பரில் 20இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதனை மீண்டும் உயர்த்தும் முயற்சிகள் 2006இலும் 2012இலும் பாராளுமன்றத்தில் தோல்வியடைந்தன. மேலும், இந்நாட்டில் மது வாங்குவதற்கே வயதெல்லை உண்டு, அருந்துவதற்கு இல்லை. இதனைப் பெற்றோர் பலர் அறிந்திருப்பதில்லை.

அவ்விடைவெளியைச் சட்டம் பெற்றோரின் கையில் ஒப்படைத்துள்ளது. 2013 டிசம்பர் முதல், 18 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குப் பெற்றோரோ சட்டபூர்வப் பாதுகாவலரோ மட்டுமே மது வழங்கலாம். பிறர் வழங்குவதாயின் அவர்களது வெளிப்படையான சம்மதம் வேண்டும். மேற்பார்வை, உணவு, மதுவற்ற பானங்கள், பாதுகாப்பாக வீடு திரும்பும் வழி ஆகியவற்றைக் கவனித்துப் பொறுப்புடன் வழங்க வேண்டும் என்பது பெற்றோருக்கும் பொருந்தும். மீறுவோருக்கு 2,000 டொலர் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

இச்சட்டம் தனியார் வீடுகளுக்கும் பொருந்தும். பிறந்தநாள் விழாவில் "ஒரு வாய் குடித்துப் பார்" என்று மருமகனிடம் கிண்ணத்தை நீட்டும் மாமாவும், பெறாமகனுக்கு பியர் போத்தலைத் திறந்து கொடுக்கும் சித்தப்பாவும் சட்டத்தின் பார்வையில் பாதுகாவலர் அல்லர். உறவின் உரிமை இங்கு செல்லாது. அதனிலும் முக்கியமானது, பிள்ளைகள் காணும் காட்சி. மண்டபத்தில் பரதநாட்டியம் நடக்கையில், வாகனத் தரிப்பிடத்தில் ஆண்கள் போத்தலுடன் கூடி நின்றால், மேடையில் கூறப்படும் அறிவுரைக்கு மதிப்பேது?

போதைப்பொருள் விடயத்தில் மௌனம் மேலும் ஆபத்தானது. மெத்தம்பெற்றமைன் 2003 முதல் முதலாம் வகுப்புப் போதைப்பொருளாக உள்ளது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் யோசனை 2020 பொதுவாக்கெடுப்பில் சிறு வித்தியாசத்தில் நிராகரிக்கப்பட்டது. ஆனால் சட்டத்தின் தடை மட்டும் ஒரு பிள்ளையைக் காத்துவிடாது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற அச்சத்தில் குடும்பம் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் சிகிச்சைக்குரிய காலம் வீணாகின்றது. 0800 787 797 என்ற தொலைபேசி உதவிச் சேவை எந்நேரமும் இலவசமாக இயங்குகிறது. பெற்றோரும் அதனை அழைக்கலாம்.

கூட்டு முயற்சிக்குப் பலனுண்டு என்பதை ஓக்லாந்தே காட்டியுள்ளது. தென் ஓக்லாந்தின் மனுரேவாவில் 2008 ஜூனில் இந்திய வம்சாவளி மதுக்கடை உரிமையாளர் ஒருவர் கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டதன் பின்னர், வறிய பகுதிகளில் மதுக்கடைகள் பெருகுவதற்கு எதிரான குரல் வலுத்தது. ஓக்லாந்து மாநகரசபை 2015இல் முன்வைத்த மதுக் கொள்கையைப் பேரங்காடி நிறுவனங்கள் நீதிமன்றத்தில் எதிர்த்தன. 2023இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கின் பின்னர், 2024 டிசம்பர் முதல் கடைகளில் மது விற்பனை இரவு 9 மணியுடன் நிறுத்தப்பட்டது. புதிய மதுக்கடை அனுமதிப்பத்திரத்திற்கு அப்பகுதி மக்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தமிழ் அமைப்புகளும் இவ்வுரிமையைப் பயன்படுத்த வேண்டும்.

இந்நாட்டு மாணவரிடையே அளவுமீறிக் குடிக்கும் பழக்கம் 2001 முதல் 2012 வரை வெகுவாகக் குறைந்ததாகவும், 2019இல் அவ்வீழ்ச்சி நின்றுவிட்டதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன. இளையோரால் மாற முடியும் என்பதற்கு இதுவே சான்று.

ஒரே வகுப்பில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் தம்முள் பேசி ஒரு பொது முடிவுக்கு வரட்டும். குடும்ப விழாக்களில் மதுவைத் தவிர்க்கட்டும். தவறிய பிள்ளை நள்ளிரவிலும் அச்சமின்றி வீட்டுக்கு அழைப்பெடுக்கும் நம்பிக்கையை வளர்க்கட்டும். சட்டம் பெற்றோரிடம் விட்ட பொறுப்பை வேறெவரும் நிறைவேற்றப் போவதில்லை.