இரண்டு தூரங்கள் வேண்டும்

ஒரே கேள்விக்கு விடை தேடுவதற்காக ஜப்பான் ஒரு பக்கமும் அமெரிக்கா ஒரு பக்கமும் பாறையைக் குடைந்து, பெருந்திரவியம் செலவிட்டு, இரண்டு நியூட்ரினோப் பரிசோதனைகளை நிர்மாணிப்பானேன், ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது என்பதே என் திடமான அபிப்பிராயம். காரணம், நாம் நிற்கும் இந்தப் பூமியிலேயே இருக்கிறது.

ஜப்பானின் கீழ்க்கடற்கரையில் தோக்காய் என்னும் ஊரிலே, வேகமூட்டிய புரோட்டான்களைக் கிராபைட் தண்டின்மீது மோதவிட்டு, அம்மோதலில் பிறக்கும் பையான்கள் சிதைகையில் வெளிப்படும் மியூவான் நியூட்ரினோக்களை மேற்கு நோக்கிச் செலுத்துகிறார்கள். அவை 295 கிலோமீட்டர் தூரம் நிலத்துக்குள்ளேயே பிரயாணம் செய்து, கமியோகாவில் 1,000 மீட்டர் ஆழத்தில் 50,000 டன் சுத்த ஜலம் நிரம்பிய தொட்டியை அடைவதற்குள் சில எலெக்ட்ரான் நியூட்ரினோக்களாக உருமாறிவிடுகின்றன. 2011இல் அத்தகைய சுவடுகள் 6 தென்பட்டன, 2013இல் 28 ஆயின, சந்தேகம் தீர்ந்தது.

எதிர்நியூட்ரினோக்களும் அதே அளவில்தான் உருமாறுகின்றனவா என்பது இப்போதைய கேள்வி. இல்லையென்று ருசுவானால், பிரபஞ்சத்தின் ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று அழித்துச் சூனியமாகாமல் பொருள் மட்டும் மிஞ்சியதற்கு ஒரு தடயம் கிடைக்கக்கூடும். ஆனால் வழியிலுள்ள பாறையில் எலெக்ட்ரான்கள் உண்டே தவிர அவற்றின் எதிர்த்துகள்கள் இல்லையாகையால், பூமியே இவ்விரு வகையையும் பாரபட்சமாக நடத்துகிறது. கண்ட வித்தியாசம் இயற்கையின் சுபாவமா, பாறையின் விளைவா என்று ஒரே தூரத்தில் நின்று பிரித்தறிவது மிகக் கடினம். தோக்காய்ப் பாதையில் அவ்விளைவு சொற்பம். சிகாகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வுக்கூடத்திலிருந்து ஆஷ் ரிவர் வரையுள்ள நோவா பரிசோதனையின் 810 கிலோமீட்டர் பாதையில் அதிகம். தெற்கு டகோட்டாவின் பழைய தங்கச் சுரங்கத்துக்குச் செல்லவிருக்கும், அமெரிக்கா நிர்மாணிக்கும் ட்யூன் பரிசோதனையின் 1,300 கிலோமீட்டர் பாதையில் இன்னும் அதிகம்.

ஜப்பானியக் குழுவும் நோவா குழுவும் தம் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட முடிவு இதை விளக்கும். நியூட்ரினோ நிறைகளில் எது கனம், எது இலேசு என்னும் வரிசை தலைகீழானதாயின் பாரபட்சம் இயற்கையிலேயே உண்டென்பதற்கு ஆதாரம் வலுவாயிருக்கிறது. நேரானதாயின் அப்படிச் சொல்வதற்கில்லை. எந்த வரிசை என்பதோ இன்னும் நிச்சயப்படவில்லை.

கருவிகளும் வேறுபட வேண்டும். சுவிட்ஸர்லாந்தின் சேர்ன் கூடத்திலிருந்து இத்தாலிக்கு 730 கிலோமீட்டர் சென்ற நியூட்ரினோக்கள் ஒளியை முந்தின என்று ஒபேரா குழு 2011இல் அறிவித்தது. பிழை ஒரு கேபிள் இணைப்பில் இருந்ததென்று பின்னர் புலப்பட்டதோடு, அதே கற்றையை வேறு கருவியால் அளந்த இகாரஸ் குழுவும் முந்தவில்லையென்று உறுதிசெய்தது. ஜப்பான் நிர்மாணிக்கும், ஜலத்தில் ஒளியைக் காணும் ஹைப்பர்-கமியோகாண்டேயும், திரவ ஆர்கானில் துகளின் தடத்தைப் பதிக்கும் ட்யூனும் ஒரே தவறைச் செய்வது அரிது. ஆகவே முன்னது முதலில் விடை சொல்லிவிட்டாலும், அதைக் காரணங்காட்டிப் பின்னதற்கான மானியத்தைக் குறைப்பது நியாயமாகாது.