டிகிரி முடித்த பிறகு டாக்டர் ஆகலாமா? அமெரிக்காவின் ‘போஸ்ட்-பேக்’ படிப்பும் அதன் செலவுக் கணக்கும்

பிளஸ் டூ, நீட், எம்பிபிஎஸ். டாக்டர் ஆக நமக்குத் தெரிந்த ரூட் இதுதான். அமெரிக்காவில் வழி வேறு. அங்கே முதலில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம், அதன் பிறகு நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு. பட்டம் எந்தப் பாடத்தில் என்பது பிரச்சினை இல்லை. வரலாறு, பொருளாதாரம், இசை படித்தவர்கள்கூட விண்ணப்பிக்கலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு சேர்த்துப் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. கூடவே ‘எம்கேட்’ என்ற நுழைவுத் தேர்வும் உண்டு.

கல்லூரி நாட்களில் இதையெல்லாம் படிக்காமல், வேலைக்குப் போன பிறகு ‘டாக்டர் ஆகணும்’ என்று முடிவெடுப்பவர்கள் என்ன செய்வது? அவர்களுக்காக இருப்பதுதான் போஸ்ட்-பேக்கலாரியேட் ப்ரீமெடிக்கல் புரோகிராம். சுருக்கமாக ‘போஸ்ட்-பேக்’. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1955-லேயே இதைத் தொடங்கிவிட்டது. ஆனால் 2025-ல் வந்த புதிய கல்விக் கடன் சட்டத்துக்குப் பிறகு, இதில் சேரலாமா வேண்டாமா என்ற முடிவு முன்பைவிடக் கனமாகியிருக்கிறது.

யாருக்கு எந்த வகை?

எல்லா போஸ்ட்-பேக்கும் ஒன்று கிடையாது. மூன்று வகைகள் உண்டு. வகை மாறிச் சேர்ந்தால் பணமும் போகும், வருஷமும் போகும்.

முதல் வகை, துறை மாறுபவர்களுக்கானது. அறிவியல் பாடங்களையே தொடாதவர்கள் இதில் சேரலாம். பென்சில்வேனியாவின் பிரின் மார், மேரிலாந்தின் கௌச்சர் ஆகிய கல்லூரிகள் இதில் பெயர்பெற்றவை. எல்லாப் பாடங்களையும் சுமார் ஒரு வருடத்தில் முடித்துவிடுவார்கள். வேலையை வைத்துக்கொண்டு இதைப் படிப்பது நடக்காத காரியம்.

இரண்டாவது வகை, பாடங்களைப் படித்திருந்தும் மதிப்பெண் குறைந்தவர்களுக்கானது. கூடுதல் அறிவியல் பாடங்களை நன்றாகப் படித்து, சராசரியை உயர்த்துவதுதான் இலக்கு. ஆனால் சராசரி அவ்வளவு சீக்கிரம் ஏறாது. 120 கிரெடிட்டில் 3.0 ஜிபிஏ வைத்திருப்பவர், அடுத்து 32 கிரெடிட்டில் முழுசாக 4.0 வாங்கினாலும் மொத்தம் 3.21-தான் வரும். எம்.டி. படிப்பில் இடம் பிடிப்பவர்களின் சராசரியோ 3.7-க்கு மேல். அதனால் பழைய மதிப்பெண்ணை மறைப்பதைவிட, ‘இப்போது என்னால் முடிகிறது’ என்று காட்டுவதுதான் இந்த வகையின் உண்மையான பலன்.

மூன்றாவது, ‘ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்’ எனப்படும் முதுநிலைப் படிப்பு. மருத்துவ மாணவர்கள் படிக்கும் அளவுக்குக் கடினமான பாடங்கள் இருக்கும். கவனிக்க வேண்டிய விஷயம்: எம்.டி. விண்ணப்பத்தில் இந்த மதிப்பெண் முதுநிலைக் கணக்கில்தான் சேரும். இளநிலை ஜிபிஏ ஒரு புள்ளிகூட நகராது.

அவ்வளவு ஃபீஸ் எதற்கு?

பிரபல தனியார் கல்லூரிகளின் ஒரு வருட புரோகிராமில் கட்டணம் மட்டுமே 40,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதே வேதியியல், அதே இயற்பியலை ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் தனித்தனியாகப் பதிவு செய்து, மிகக் குறைந்த செலவில் படிக்க முடியும். அப்போ கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

நேர அட்டவணை, தனி ஆலோசகர், கல்லூரிக் குழுவின் பரிந்துரைக் கடிதம், ‘லிங்கேஜ்’ ஆகிய நான்கு விஷயங்களுக்கு. லிங்கேஜ் என்பது குறிப்பிட்ட சில மருத்துவக் கல்லூரிகளோடு உள்ள ஒப்பந்தம். பொதுவாக, போஸ்ட்-பேக் முடித்த கோடையில் விண்ணப்பித்தால், வகுப்பு தொடங்குவது அடுத்த ஆண்டுதான். இடையில் ஒரு வருடம் சும்மா போகும். லிங்கேஜ் கிடைத்தால் அந்த வருடம் மிச்சம். ஆனால் அது எல்லோருக்கும் கிடைக்காது. கிடைத்தாலும், அந்த ஒரு கல்லூரிக்கே சேருகிறேன் என்று உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். வேறு கல்லூரிகளின் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

உண்மையான செலவு எவ்ளோ?

பலர் ஃபீஸை மட்டும் பார்க்கிறார்கள். கைவிடும் சம்பளம் அதைவிடப் பெரிசு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 27 வயதுக்காரர் ஒருவருக்கு வரி போக ஆண்டுக்கு 60,000 டாலர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு வருட புரோகிராம்: கட்டணம் 45,000, இழந்த சம்பளம் 60,000. இடைவெளி வருடத்தில் மருத்துவமனையில் குறைந்த சம்பள வேலை பார்த்தால் இன்னொரு 30,000 இழப்பு. மொத்தம் 1,35,000 டாலர்.

தனித்தனியாகப் படிக்கும் வழி: இரண்டு வருடக் கட்டணம் 15,000. முதல் வருடம் மாலை வகுப்பு என்பதால் வேலை தொடர்கிறது. இரண்டாம் வருடம் பகல் நேர ஆய்வகத்துக்காகப் பகுதி நேர வேலைக்கு மாறினால் 30,000 இழப்பு. இடைவெளி வருடத்தில் 30,000. மொத்தம் 75,000 டாலர்.

வீட்டு வாடகையும் சாப்பாடும் எந்த வழியில் போனாலும் இருக்கும் செலவுகள். இழந்த சம்பளத்தைக் கணக்கில் எடுத்தபின் அவற்றையும் சேர்த்தால் இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

60,000 டாலர் மிச்சம் என்று உடனே முடிவெடுத்துவிடவும் முடியாது. இரண்டாவது வழியில் டாக்டர் ஆவது ஒரு வருடம் தள்ளிப்போகிறது. அமெரிக்காவில் குடும்ப மருத்துவர்களின் சராசரி ஆண்டு வருமானமே வரிக்கு முன் 2 லட்சம் டாலருக்கு மேல். அப்படிப் பார்த்தால் காஸ்ட்லி வழிதான் லாபம்போலத் தெரியும்.

ஆனால் அந்த லாபம் சீட் கிடைத்தால் மட்டுமே. அமெரிக்காவில் எம்.டி. படிப்புக்கு ஆண்டுக்கு 50,000-க்கும் அதிகமானோர் விண்ணப்பிக்கிறார்கள். சேருபவர்கள் சுமார் 23,000 பேர். கட்டணமும் வட்டியும் இன்றே தொடங்கும். டாக்டர் சம்பளம், நான்கு ஆண்டு படிப்பு, குறைந்தது மூன்று ஆண்டு ரெசிடென்சி எல்லாம் முடிந்த பிறகுதான் வரும்.

கடன் விதியில் என்ன மாற்றம்?

2025 ஜூலை 4-ல் அதிபர் ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டம், ‘கிராட் பிளஸ்’ கடன் திட்டத்தை 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு மூடுகிறது. இதுவரை மருத்துவ மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதற்கும் அரசுக் கடன் பெற உதவிய திட்டம் இது. இனி மருத்துவப் படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. பல தனியார் மருத்துவக் கல்லூரிகளில் நான்கு ஆண்டுச் செலவு 3 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. மீதிக்குத் தனியார் வங்கிதான் கதி. அங்கே கிரெடிட் ஸ்கோர் பார்ப்பார்கள், ஜாமீன் கேட்பார்கள்.

போஸ்ட்-பேக் மாணவர்களுக்கான அரசுக் கடன் ஏற்கெனவே குறைவு. முன்தயாரிப்புப் பாடங்களுக்கு, பெற்றோரைச் சாராத மாணவர் பெறக்கூடியது அதிகபட்சம் 12,500 டாலர். அதுவும் 12 மாதங்களுக்கு மட்டும். மற்றதைத் தனியார் கடனில் வாங்கினால், மருத்துவக் கல்லூரிக்காக மறுபடி வங்கி வாசலில் நிற்கும்போது அந்தப் பழைய கடன் குறுக்கே வரும். சேமிப்பைப் போஸ்ட்-பேக்கிலேயே கரைத்தாலும் இதே சிக்கல்தான்.

‘90 சதவீதம் பேருக்கு சீட்’ - நம்பலாமா?

விளம்பரங்களில் இப்படிப் பெரிய எண்கள் வரும். கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பேரில் 90 சதவீதம்? நடுவில் விலகியவர்களைக் கழித்துவிட்டு, பரிந்துரைக் கடிதம் பெற்றவர்களை மட்டும் எண்ணினால் எந்த எண்ணும் பெரிதாகத்தான் தெரியும். முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள் என்று கேட்டால்தான் நிஜ நிலவரம் தெரியும். நுழையும்போதே கடுமையாக வடிகட்டும் புரோகிராம்களில், வெற்றியில் எவ்வளவு பங்கு மாணவருடையது என்பதும் யோசிக்க வேண்டியது.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு?

அமெரிக்காவில் ஐடி வேலையில் இருக்கும் தமிழர்களில் டாக்டர் கனவு உள்ளவர்கள் கூடுதலாக மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்க அரசின் கல்விக் கடன் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்றவர்களுக்குத்தான். எச்-1பி, எஃப்-1 விசாவில் கிடைக்காது. பல மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டவரைச் சேர்ப்பதே இல்லை. சேர்க்கும் சில கல்லூரிகள் கட்டணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டச் சொல்கின்றன. இந்தியாவில் பி.இ. முடித்தவர்களுக்கு, அமெரிக்காவிலோ கனடாவிலோ இளநிலைப் பாடங்கள் வேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் உண்டு. இங்கே முடித்த எம்.எஸ். அதற்கு ஈடாகாமல் போகலாம். எனவே போஸ்ட்-பேக் கட்டணத்தைக் கட்டும் முன், குறிவைக்கும் மருத்துவக் கல்லூரியின் விதியைப் படித்துவிடுவது நல்லது.

சேரும் முன் என்ன செய்யலாம்?

மாலை நேரத்தில் ஒரே ஒரு வேதியியல் பாடம் எடுத்துப் பார்க்கலாம். வாரக் கடைசியில் மருத்துவமனையில் தன்னார்வலராக இருக்கலாம். வேலையை விடாமலே இரண்டையும் செய்ய முடியும். பாடம் கைவருகிறதா, நோயாளிகள் நடுவே நிற்கப் பிடிக்கிறதா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். ஆனால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். துறை மாறுபவர்களுக்கான புரோகிராம்கள் பல, பெரும்பாலான பாடங்களை ஏற்கெனவே முடித்தவர்களைச் சேர்ப்பதில்லை.

அதற்குப் பிறகும் ஆசை குறையாதவர்கள், தங்களிடம் எது இல்லை என்று பார்த்து முடிவெடுக்கலாம். தானே அட்டவணை போட்டுப் படிக்கும் ஒழுங்கு இருப்பவருக்கு மாநிலப் பல்கலைக்கழகமே போதும். கையில் சேமிப்பு இருந்து, வயதும் நேரமும் நெருக்குபவருக்கு ஒரு வருட புரோகிராம் பொருந்தலாம். வேதியியல் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு மாலை வகுப்பின் ஃபீஸ் போதும். அதையே வேலையை விட்ட பிறகு, 45,000 டாலர் கட்டித் தெரிந்துகொண்டால் திரும்பி வருவது கஷ்டம்.